வயலட் டீச்சர் கையெழுத்திடாத கடிதம்

வயலட் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பள்ளியின் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது. காலை ஆறேகால் மணி. கறுப்புக் கரை போட்ட படம், கீழே இரண்டு மெழுகுவர்த்திகள். நான் பார்ப்பதற்குள் பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். நான் கூப்பவில்லை. இதே குழு இரண்டு வருடங்களுக்கு முன்பு உயிரோடிருந்த ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு மாலை போட்டிருக்கிறது. மறுநாள் அவரே வந்து, "நான் இன்னும் கிளம்பலைங்க" என்று எழுதிய பிறகுதான் மாலையைக் கழற்றினார்கள். ஆகவே டீச்சருடைய மகள் ஷீபாவுக்கு போன் செய்தேன்.

"ஆமா ஆன்ட்டி. விடியக்காலம் அஞ்சு மணிக்கு."

"யாரு சொன்னது? டாக்டர் வந்து பாத்தாரா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அம்மாவைப் பறிகொடுத்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? ஷீபா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: "பாத்துட்டாரு ஆன்ட்டி. அம்மாவா இருந்தாலும் மொதல்ல இதத்தான் கேட்டிருப்பாங்க."

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பள்ளி மலருக்காக அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதலாம். ஆனால் அவரைப் பற்றி உண்மையாக எழுத வேண்டுமென்றால் நடுவில் நானும் வந்தாக வேண்டும். அந்தப் பகுதி அவ்வளவு நல்ல வார்த்தைகளாக இருக்காது.

நான் பிறந்தது கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில், விவசாயக் குடும்பத்தில். கல்யாணமாகி அரக்கோணம் வந்தேன். வயலட் டீச்சர் அங்கேயே ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். இருவருக்கும் வேலை திருத்தணியில், ஒரே பள்ளியில். நான் வரலாறு, அவர் வேதியியல். பத்து வருடம் ஒரே ரயில் பெட்டியில் போய்வந்தோம். வண்டி வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னதும் நாங்களெல்லாம் எழுந்து நிற்போம். அவர் சிக்னல் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பையைத் தூக்குவார். பூக்காரம்மா அளந்து கொடுத்த முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பார். யாராவது "இந்த மாத்திரை நல்லா கேக்குது டீச்சர், மூணே நாள்ல சளி போயிடுச்சி" என்றால், "சாப்புடாம இருந்திருந்தா எத்தன நாள்ல போயிருக்கும்?" என்பார். இப்படிப்பட்டவரோடு தினமும் பயணம் செய்வது எளிதல்ல. ஆசிரியர் அறையில் அவருக்கு 'சிஐடி' என்று பெயர். வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அவரை நான் சரியாகக் கவனித்தது ஒன்பதாம் வகுப்பில்தான். பழைய கிரேக்கம் பற்றிய பாடம். உலகத்துப் பொருள்களெல்லாம் எதனால் ஆனவை என்று அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் யோசித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பு முடிந்து போனவர் வாசலில் நின்று கேட்டார். பிறகு உள்ளே வந்து, "அஞ்சு நிமிஷம் குடுங்க டீச்சர்" என்றார்.

பிள்ளைகளிடம் திரும்பினார். "ஒருத்தர் எல்லாம் தண்ணின்னார். ஒருத்தர் காத்துன்னார். ஒருத்தர் நெருப்புன்னார். மண்ணு, தண்ணி, காத்து, நெருப்பு நாலும் கலந்ததுன்னார் இன்னொருத்தர். கடைசியா ஒருத்தர், வெட்டிகினே போனா இனிமே வெட்ட முடியாத ஒரு துணுக்கு வரும், எல்லாமே அந்தத் துணுக்குங்கதான்னார். யாரு சொன்னது சரி?"

"துணுக்கு சொன்னவர், மிஸ்!" வகுப்பே கத்தியது.

"ஏன்?"

"அதான் அணு, மிஸ்."

"அது உங்களுக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்? யாரு பாத்தது?"

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "அவரும் பாக்கல. உக்காந்த எடத்துலயே யோசிச்சாரு, பொருந்திப்போச்சு. பக்கத்துப் பேப்பரப் பாத்து எழுதற விடையும் சில நேரம் சரியாத்தான் இருக்கும். மார்க் போடுவனா?" என்றார்.

அன்று மாலை ரயிலில் சண்டை போட்டேன். கடவுளை இழுக்காமல் உலகம் எதனால் ஆனது என்று முதன்முதலில் கேட்டவர்களைக் காப்பியடித்தவர்களோடு சேர்க்கலாமா என்று எனக்குக் கோபம். அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. கேள்விக்கு முழு மார்க். விடைக்கு முட்டை. ஏன்னா ஒருத்தரும் எழுந்து போய்ச் சோதிச்சுப் பாக்கல. நாலு பொருள்னு சொன்னது எத்தனையோ நூறு வருஷம் நின்னுது. ஏன் நின்னுது? சொன்னவங்க பேரு பெருசு. இனிமே அந்தப் பாடத்துல பேரே சொல்லாதீங்க வசந்தா டீச்சர். பேரு சொன்னா பசங்க கும்புட்டுட்டுப் போயிடுவாங்க. கருத்தை மட்டும் சொல்லுங்க, சண்டை போடட்டும்" என்றார். தேர்வுக்குப் பெயர்கள் வேண்டும் என்பதால் நான் சொல்லித்தான் கொடுத்தேன். இங்கே அவருக்காகப் பெயர்களை விட்டிருக்கிறேன்.

ஒருமுறை அவரை மடக்கப் பார்த்தேன். "எல்லாத்துக்கும் ஆதாரம் கேக்கறீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச்சுக்குப் போறீங்களே?"

"அது வேற கேள்வி. அதுக்கு நான் யாருக்கும் மார்க் போடறதில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது பதிலா, தப்பித்தலா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

இனி அந்தச் சம்பவம். பலருக்கு அது அரைகுறையாகத் தெரியும்.

ஆடிக் கிருத்திகை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். மலையடிவாரத் தெருக்களில் காவடிக் கூட்டம் விட்டுப்போன குப்பையைக்கூட இன்னும் அள்ளவில்லை. மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகள் கால் மணி நேரத்தில் வாந்தி எடுக்க ஆரம்பித்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். வாயெல்லாம் கசக்கிறது, காசைச் சப்பியது போல இருக்கிறது என்று அழுதார்கள். ஆட்டோக்களில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலைக்குள் எல்லாப் பிள்ளைகளும் வீடு திரும்பிவிட்டார்கள். ஆனால் அதற்குள் குற்றவாளி யாரென்று ஊர் முடிவு செய்துவிட்டது.

சமையல் செய்தவர் ராகேலக்கா. விடுமுறைக்கு முந்தின நாள், பெற்றோர் ஒருவர் வந்து சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று அவரிடம் சத்தம் போட்டிருந்தார். ராகேலக்கா பதிலுக்கு, "லீவு முடிஞ்சி வந்து சாப்ட்டு பாரு, அப்ப தெரியும்" என்றிருக்கிறார். நன்றாகச் சமைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னாரா, வேறு எதையாவது மனதில் வைத்துச் சொன்னாரா? வாந்திக்கு முன்பு அது வெறும் பேச்சு. பிறகு அது வாக்குமூலம் ஆனது. "அன்னிக்கே சொல்லிட்டாளே!" என்றார்கள்.

இங்கே என் பங்கு வருகிறது. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உணவை ருசி பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று என் முறை. விடைத்தாள்கள் குவிந்து கிடந்தன. நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, இருந்த இடத்திலேயே 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொட்டுகூட வாயில் வைக்கவில்லை.

தலைமையாசிரியர் கேட்டபோது, "நான் ருசி பாத்தேன் சார், நல்லாத்தான் இருந்துது" என்றேன். பொய் தயாராக வாயில் இருந்தது. அதனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். நான் ருசி பார்த்தபோது நன்றாக இருந்த சாம்பாரில், அதற்குப் பிறகு யாரோ எதையோ கலந்திருக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகு சாம்பார் அண்டா அருகில் இருந்தவர் ராகேலக்கா மட்டும்தான்.

காவல் நிலையத்துக்கான புகார்க் கடிதத்தையும் நானே எழுதினேன். என் கையெழுத்து அழகு என்பார்கள். 'சமையலர் திட்டமிட்டே உணவில் ஏதோ கலந்திருப்பார் எனச் சந்தேகிக்கிறோம்' என்று எழுதினேன். சந்தேகிக்கிறோம் என்றுதானே எழுதுகிறோம், அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் அறையில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். வயலட் டீச்சரிடம் தாள் போனது. அவர் இரண்டு தடவை படித்தார்.

"இத யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல டீச்சர். சந்தேகம்னுதான போட்டிருக்கு."

"சந்தேகம் தப்பில்ல. எனக்கும் நெறைய இருக்குது. ஆனா சந்தேகம் வந்தா தேடணும். கையெழுத்து போடக்கூடாது." தாளை என் மேசைமீது வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு அறையில் எழுந்த பேச்சை மறைக்காமல் எழுதுகிறேன். ராகேலக்காவும் அவரும் ஒரே சர்ச். "அவங்க ஆளு, விட்டுக்குடுப்பாங்களா?" என்று ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்று மாலை ராகேலக்காவைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் இருட்டும் வரை உட்கார வைத்தார்கள்.

மறுநாள் வயலட் டீச்சர் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, பூட்டி வைத்திருந்த மிச்சச் சாம்பாரில் ஒரு டம்ளர் எடுத்தார். என்னையும் கூப்பிட்டார். "எழுதுனவங்களே பாக்கணும்." சாம்பாரைத் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். இன்னொரு குவளையில், காலையில் ஓட்டலில் வாங்கிவந்த சாம்பாரை அதேபோல் வடிகட்டி ஊற்றினார். இரண்டு இரும்பு ஆணிகளை உப்புக் காகிதத்தால் பளபளவென்று தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டார்.

"ஓட்டல் சாம்பார் எதுக்கு?"

"புளிக்கே ஆணி செவக்குதான்னு தெரிய வேணாமா?"

அரை மணி கழித்து இடுக்கியால் எடுத்தார். ஓட்டல் சாம்பாரில் கிடந்த ஆணி லேசாகக் கறுத்திருந்தது. பள்ளிச் சாம்பாரில் கிடந்த ஆணியின் மீது செம்பட்டையாக ஒரு பூச்சு. "செம்பு. பசங்க காசு சப்புன மாதிரின்னு சொன்னப்பவே நெனச்சேன். ஒண்ணுமில்லாததுலேந்து ஒண்ணும் வராதுன்னு உங்க கிரேக்கக்காரங்க சொன்னாங்களே, அந்த ஒரு வரிய மட்டும் நான் ஒத்துக்கறேன். இது எங்கிருந்தோ வந்திருக்குது."

ஆணியில் முன்கூட்டியே ஏதாவது பூசி வைத்திருப்பாரோ என்று நினைத்தேன். வாய் திறக்கவில்லை, முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "என்ன நம்பாதீங்க. ஆணி நீங்க வாங்கிகினு வாங்க. நீங்களே போட்டுப் பாருங்க" என்றார். கடைத்தெருவில் ஆணி வாங்கி, மறுநாள் என் கையாலேயே போட்டேன். சிவந்தது.

அந்தச் செம்பு ராகேலக்காவைக் காப்பாற்றவில்லை. அவர் பக்கம் இன்னும் ஒரு கல்லைத்தான் எறிந்தது. ராகேலக்காவின் கணவர் மாந்தோப்பில் வேலை செய்பவர். தோப்புக்காரர்கள் மரத்து நோய்க்கு மயில்துத்தம் கரைத்து அடிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்; எங்கள் நைனாவே வெற்றிலைக் கொடிக்காலுக்கு அடித்திருக்கிறார். மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. "புருசன் கொண்டாந்து குடுத்தான், இவ கலந்தா" என்று கதை முழுமையானது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிதம் எழுதியது சரியாகிப்போனதல்லவா?

மற்றவர்கள் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வயலட் டீச்சர் வேறொன்றை யோசித்திருக்கிறார். மயில்துத்தம் பள்ளிக்குள்ளேயே ஓரிடத்தில் இருக்கிறது. அவருடைய ஆய்வகத்தில். அறிவியல் கண்காட்சிக்காக, விடுமுறைக்கு முந்தின நாள் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட்டில் அவர்தான் அதைக் கரைத்துப் படிகம் வளர்க்கக் கிண்ணங்களில் ஊற்றியிருந்தார். அடியில் தங்கியதைக் கழுவவில்லை. காவடிக் கூட்டத்தில் ரயில் கிடைக்காதோ என்ற பயத்தில் அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். அவரோடு சேர்ந்து ஓடியவள் நான்தான்.

அவர் போய்ப் பார்த்தபோது ஆய்வகத்தில் பக்கெட் இல்லை. பின்பக்கம், ஜன்னலுக்கு வெளியே கிடந்த உடைந்த பெஞ்சின் மீது வட்டமாக ஒரு நீலக் கறை இருந்தது. பக்கெட்டைச் சமையல்கூடத்தில் காலி மூட்டைகளுக்குப் பின்னால் கண்டுபிடித்தார். நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நான் அங்கே இருந்தேன்.

"சார், அது என் பக்கெட்டு. கழுவாம வெச்சது நான்."

தலைமையாசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். "டீச்சர், யோசிச்சுப் பேசுங்க. உங்கள யாரும் கேக்கல."

"கேக்கலன்னாலும் பக்கெட்டு என்னுதுதான சார்."

நீங்கள் எதிர்பார்ப்பது போல இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. யாரும் அவரை நம்பவில்லை. தன் சர்ச்சுப் பெண்மணியைக் காப்பாற்றப் பழியைத் தன்மீது போட்டுக்கொள்கிறார் என்றார்கள். யாராவது சும்மா வந்து தானே தப்பு செய்ததாகச் சொல்வார்களா? அன்றைய ரயிலில் நானே அவரிடம் நேராகக் கேட்டேன். "அவங்களுக்காகச் சொல்றீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "நல்ல சந்தேகம். எப்படிச் சோதிப்பீங்க?" என்றார்.

அவரே தன் பையிலிருந்த நோட்டில் ஒரு தாள் கிழித்து, ஏதோ எழுதி, நான்காக மடித்து என் கையில் வைத்தார். "ராகேல்கிட்ட நான் இன்னும் ஒரு வார்த்தை பேசல. நாளைக்கு நீங்க போங்க. அன்னிக்கி தண்ணி எதுல எடுத்தாங்க, அத எங்கிருந்து எடுத்தாங்கன்னு கேளுங்க. அவங்க சொல்லி முடிச்ச பிறகு இதப் பிரிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துவரலன்னா நான் சொல்றது பொய்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ராகேலக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"இன்னா டீச்சர், இன்னொரு கடிதாசு எழுதணுமா?"

"இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி கொழம்புக்குத் தண்ணி எதுல எடுத்தீங்க?"

அவர் கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தினி நாளா எல்லாரும் இன்னா கலந்த, இன்னா கலந்தன்னு கேட்டுகினு கீறாங்க. ஸ்டேசன்லயும் அதேதான். தண்ணி எதுல எடுத்தன்னு ஒருத்தரும் கேக்கல."

"சொல்லுங்கக்கா."

"கொழாயில தண்ணி வரல. கிருத்திகைக் கூட்டத்துக்கே ஊருத் தண்ணி அத்தினியும் பூடுச்சி. எங்க பக்கெட்டு ரெண்டும் பத்தல. லேபுக்குப் பின்னாடி ஒடஞ்ச பெஞ்சு கீதுல்ல, அது மேல ஒரு நீலப் பக்கெட்டு இருந்துது. எடுத்துகினு போய் அடிபம்புல அடிச்சிகினு வந்து ஊத்தனேன்."

"உள்ள ஏதாவது இருந்துதா?"

"அடியில ஏதோ படிஞ்சிகினு இருந்துது. பக்கெட்டே நீலம், இன்னா தெரியும்? உப்புக் கறைன்னு நெனச்சேன். நம்ம ஊருத் தண்ணிக்கு எந்தப் பாத்திரத்துலதான் உப்புக் கறை இல்ல?"

தெரு முனைக்கு வந்து தாளைப் பிரித்தேன். 'நீல பிளாஸ்டிக் பக்கெட். ஆய்வகத்துக்கு வெளியே, பின் ஜன்னலுக்குக் கீழே, உடைந்த பெஞ்ச் மேல்' என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கலாமே என்று ஒரு குரல் அப்போதும் உள்ளே எழுந்தது. ஆனால் நான் அந்தக் கேள்வியோடு வருவேன் என்று அந்தப் பெண்மணிக்கு யார் சொல்லியிருக்க முடியும்? அவர் முகத்தில் இருந்த திகைப்பை நான் பார்த்தேன். நேராகப் பள்ளிக்குப் போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொடுத்தேன்.

பக்கெட்டை ஆய்வகத்துக்குள் வைத்ததாகத்தான் வயலட் டீச்சருக்கு நினைவு. அது எப்படி வெளியே பெஞ்சுக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. விளக்கக் கடிதத்தில் அதை எழுதச் சொன்னேன். பழி பாதியாகக் குறையுமே. "அவசரத்துல இருந்தேன். என் ஞாபகத்த நானே நம்பமாட்டேன். வெளிய நானே வெச்சிருக்கலாம்" என்று மறுத்துவிட்டார். இரண்டே வரி எழுதினார்: பக்கெட் என்னுடையது, கழுவாமல் வைத்தது நான்.

ராகேலக்கா வேலைக்குத் திரும்பினார். வயலட் டீச்சரை ஆந்திர எல்லையோரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். கடைசி நாள் ஆசிரியர் அறையில் காரியத்தோடு காரியமாக அலமாரியைக் காலி செய்துகொண்டே என்னிடம் சொன்னார்: "அந்தக் கிரேக்கக்காரங்கள ரொம்பக் கொற சொல்லிட்டேன் வசந்தா. அவங்ககிட்ட லேபு இல்ல, கத்துக்குடுக்க ஆளு இல்ல. நமக்கு எல்லாம் இருந்துது. போய்ப் பாக்கறதுக்கு நமக்கு ஒரு வாரம் ஆச்சி."

ருசி பார்க்காததை அப்போதும் நான் சொல்லவில்லை. புகாரைத் திரும்பப் பெற்றதால் அது தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒன்று காதில் விழுந்தது. ராகேலக்கா காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்த செய்தி கேட்டு, அவர் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்களாம். உண்மை தெரிந்த பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை.

டீச்சர் ஓய்வுபெற்றார். ஈரலில் நோய் என்று தெரிந்தது. இந்த வருடம் மழை நின்ற சமயத்தில் அவரை அரக்கோணத்து வீட்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையின் பின்புறத்துத் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். ஷீபா காபி போட உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். "டீச்சர், அன்னிக்கி நான் ருசி பாக்கல. பாக்காமலே கையெழுத்து போட்டேன்."

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஆணி அந்த அளவுக்குச் செவக்கணும்னா கொழம்புல எவ்ளோ இருந்திருக்கணும்? வாயில வெச்சவங்க துப்பாம இருக்க முடியாது. ஆணிய எடுத்தப்பவே உங்க மேல சந்தேகம் வந்துது."

"அப்ப ஏன் சொல்லல? என்ன ஏன் கேக்கல?"

"அடியில அதிகமா தங்கி, மேல கம்மியா இருந்திருக்கலாம். நீங்க மேலாக ஒரு சொட்டு எடுத்திருந்தா தெரியாமப் போயிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது இல்ல? கேட்டிருந்தா நீங்க இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்க. அதனால கேக்கல." கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப எதுக்குச் சொல்றீங்க? எனக்காகவா, உங்க மனசு லேசாகவா?"

"ரெண்டும் இருக்கும் டீச்சர்."

"என்கிட்ட சொல்லி இன்னா ஆகப்போகுது? இதக் கேக்க வேண்டியவங்க வேற ஆளு" என்றார். பிறகு காபி வந்தது. மழையைப் பற்றியும் ஷீபாவின் மாமியாரைப் பற்றியும் பேசினோம். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

அடக்கத்துக்கு ராகேலக்கா வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும், கூட்டம் கலைவதற்குள் அவரைத் தனியாக அழைத்துச் சொன்னேன். ருசி பார்க்காததை, பொய் சொன்னதை, அந்தப் பொய்யால்தான் சந்தேகம் அவர்மீது விழுந்தது என்பதை.

"இத அன்னிக்கி சொல்லியிருந்தா ஸ்டேசனுக்குப் போயிருக்க மாட்டேன் இல்ல?"

"ஆமாக்கா."

"ஆங்" என்றார். அவ்வளவுதான். முந்தானையால் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

டீச்சரைப் பற்றி அன்றைக்கே கதைகள் கிளம்பிவிட்டன. ஆய்வகத்து மருந்து வாடையை வருடக்கணக்கில் சுவாசித்ததால்தான் ஈரல் கெட்டது என்று ஒருவர் சொன்னார். எல்லையோரப் பள்ளிக்கு மாற்றிய வேதனையால் என்றார் இன்னொருவர். இரண்டாவதைக் கேட்டதும் அதை அப்படியே இந்தக் கட்டுரையில் எழுதலாம் என்று கை பரபரத்தது. எவ்வளவு பொருத்தமான முடிவு! ஷீபாவிடம் விசாரித்தேன். மருத்துவர் காரணம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாள். எனவே நானும் எழுதவில்லை.

என்னைப் பற்றி அவருக்குச் சரியான சந்தேகம் ஒன்று இருந்தது. தன்மீது பழி விழுந்தபோது அதைச் சொல்லியிருந்தால், அவருக்கு விழுந்த அடியில் பாதி எனக்கு விழுந்திருக்கும். உறுதியாகத் தெரியாது என்பதற்காக அதை யாரிடமும் சொல்லாமல், தினமும் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அரக்கோணம் வரை வந்தார். என்னால் அப்படி இருந்திருக்க முடியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எனக்குச் சாதகமான ஒன்றை நம்பப்போகும்போது உள்ளே வருகிற ஒரு தயக்கம் மட்டும்தான். மற்றபடி இதில் எழுதியிருப்பது நடந்தது. அந்த 'நன்று' எழுதிய நோட்டு இன்னும் பள்ளி அலமாரியில் இருக்க வேண்டும். என்னை நம்ப வேண்டாம், போய்ப் பாருங்கள்.